கொதிக்கும் பெட்டியைக் குப்பையில் போடலாமா?

சித்திரை மாதத்து மாலை நேரம். ஆவடியை அடுத்த ஒரு தெருவில் சிறிய வீடு. கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது. காற்றுதான் வருவதாகத் தெரியவில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, மெத்தையின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். பெட்டிக்குள்ளிருந்து ‘ஹோ’வென்று ஓர் இரைச்சல். அடியில் கை வைத்தால் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருக்கிறது. நான்காவது பக்கத்தை எட்டும்போது திரை சட்டென்று இருண்டு போகிறது. எழுதியதில் பாதி போயிற்று!

“மறுபடியும் அணைஞ்சு போச்சாம்மா?” என்று அடுக்களையிலிருந்து தாய் கேட்கிறாள். பெண்ணிடமிருந்து பதில் இல்லை.

அந்த மடிக்கணினி அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அவன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான். பெட்டி தங்கையின் கைக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு வரையில் அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. “பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை” என்று யாரோ சொன்னார்கள். கடையில் கொடுத்துப் புதிய விண்டோஸை ஏற்றி வந்தார்கள். அன்று பிடித்தது இந்தக் காய்ச்சல். மறுபடி அதே கடைக்கு எடுத்துச் சென்றால், கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், “இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சும்மா. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். புதியது வாங்குவதென்றால் அவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

இந்த வீட்டுக்காரர்களின் பெயர் எதற்கு? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பெட்டிக்கு உண்மையிலேயே ஆயுள் முடிந்துவிட்டதா? அல்லது முடிந்துவிட்டதாகச் சொல்வது பிறருக்குச் சௌகரியமாக இருக்கிறதா?

காக்களூரில் தொடங்கிய கதை

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்த நாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆவடியிலிருந்து ரயிலேறி மேற்கே போகிறவர்களுக்குக் காக்களூர் தெரிந்த ஊர்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு, அடுத்து வந்த சில ஆண்டுகளில், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய் தந்தையர் உள்ள வீட்டுக்குள்ளும் அன்றுதான் கணினி என்ற ஒன்று முதன்முதலாக நுழைந்தது.

அவற்றில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. அண்ணன் படித்ததில் தங்கை படிக்கிறாள். சில வீடுகளில் அது மளிகைக் கடைக் கணக்கு எழுதுகிறது. சில வீடுகளில் தையல் வேலைக்குப் படம் பார்க்க உதவுகிறது. கொடுத்த பொருளைப் போற்றி வைத்துக்கொள்ளும் குணம் ஏழை வீடுகளுக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு ஒரு சோதனை 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு அளித்து வந்த இலவசப் பாதுகாப்பை அன்றோடு நிறுத்தியது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு நீளும் என்று ஒரு சலுகையையும் அறிவித்தது. பலருக்கு முதல் செய்தி எட்டியது. இரண்டாவது செய்தி எட்டவில்லை.

அடுத்தது விண்டோஸ் 11. அதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசசரும் குறிப்பிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். ஏறக்குறைய 2018க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகள் அந்தப் பட்டியலில் இல்லை. வாசலில் நிற்கும் காவற்காரனை ஏமாற்றிவிட்டு உள்ளே நுழைவதுபோல, இந்தச் சோதனையைத் தாண்டிப் புதியதை ஏற்றிக் கொடுக்கும் வித்தை பல கடைகளில் நடக்கிறது. அப்படி ஏற்றினால் பிற்காலப் புதுப்பிப்புகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று தயாரித்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. இந்த விவரம் அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

மடிக்கணினியின் மூளை பிராசசர். விரல் நகத்தளவுதான் இருக்கும். சாதாரணமாக 15 முதல் 35 வாட் வரை மின்சாரம் சாப்பிடும். அந்த மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. பூஜையறையில் எரியும் பழைய குண்டு பல்பின் சூட்டை நகத்தளவு இடத்தில் அடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளே ஒரு சங்கிலி ஏற்பாடு இருக்கிறது. பிராசசரின் முதுகில் தெர்மல் பேஸ்ட் என்ற பசை தடவியிருக்கும். அதன் மேல் செம்புத் தகடு. தகட்டிலிருந்து ஒரு செம்புக் குழாய். குழாய்க்குள் அடைத்திருக்கும் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் மறுபடி திரவமாகித் திரும்பும். ரசப் பாத்திரத்து மூடியில் ஆவி படிந்து சொட்டுவது மாதிரிதான். குளிர்ந்த முனையில் சீப்பின் பற்கள்போல மெல்லிய தகடுகள். அவற்றின் மீது சிறு விசிறி காற்றை ஊதிச் சூட்டை வெளியே தள்ளும். ஒரு கண்ணி அறுந்தாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

எது அறுகிறது? முதலாவது, அந்தச் சீப்பு. தலைமுடியும் பஞ்சும் தெருப் புழுதியும் ஐந்தாறு ஆண்டுகளில் சேர்ந்து, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல் படிந்துவிடும். லாரிகள் ஓயாத பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்து வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டாவது, பசை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து கட்டியாகிவிடும். மூன்றாவது, மெத்தை. பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்புறத்துத் துளைகளின் வழியாகவே காற்றை இழுக்கின்றன. மெத்தை மேல் வைப்பது மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

இவற்றோடு ஊரின் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடை நாட்களில் மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் குளிர்விக்கும் கடற்காற்று, அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வந்து சேர நேரமாகும். சில நாட்களில் வராமலே போய்விடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி 45 டிகிரி வெயில் பதிவாயிற்று. பல பிராசசர்கள் ஏறக்குறைய 100 டிகிரியை எட்டியதும், தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காவிட்டால் பெட்டி அணைந்துவிடும். 25 டிகிரி அறையில் இருக்கும் கணினிக்கு 75 டிகிரி இடைவெளி இருக்கிறது. ஆவடியில் 38 டிகிரி அறையில் இருப்பதற்கு 62 டிகிரிதான். குளிர்ந்த நாட்டு மேசையில் தப்பிப் பிழைக்கும் தூசி, இங்கே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

புதியது ஏற்றிய மறுநாள்

அப்படியானால் நேற்றுவரை ஓடியது இன்று ஏன் அணைகிறது? தூசி ஒரே இரவில் சேர்ந்துவிடவில்லையே!

இங்கேதான் இயங்குதளத்தின் பங்கு வருகிறது. கணினியின் எல்லாக் காரியங்களையும் நிர்வகிக்கும் மூலநிரலைத்தான் இயங்குதளம் என்கிறோம். விண்டோஸும் லினக்ஸும் இந்த வகை. புதிய இயங்குதளத்தை ஏற்றிய முதல் ஓரிரண்டு நாட்களில் அது சும்மா இருப்பதில்லை. பெட்டியிலுள்ள கோப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்து அட்டவணை தயாரிக்கிறது. விட்டுப்போன புதுப்பிப்புகளை இணையத்திலிருந்து இறக்குகிறது. வைரஸ் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடுகிறது. திரையில் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றினாலும் உள்ளே பெரிய உழைப்பு. இந்தச் சூடு தானே தணியக்கூடியது.

தானே தணியாத சூடும் உண்டு. திரையில் படம் காட்டும் சில்லுக்குரிய டிரைவர் என்ற துணை நிரல் சரியாக அமையாவிட்டால், அதன் வேலையும் பிராசசரின் தலையிலேயே விழும். சாதாரணமாக ஒரு வீடியோ பார்த்தாலே பெட்டி கொதிக்கும். ரேம் 2 ஜிபி, 4 ஜிபி என்று குறைவாக இருந்தால், புதிய இயங்குதளத்துக்கு இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் ஓயாமல் பண்டமாற்று நடக்கும். ஒரு நிமிஷத்து வேலை ஐந்து நிமிஷம் இழுக்கும். பெட்டிக்கு ஓய்வே கிடைக்காது.

ஆக, நோய் இரண்டு. ஆண்டுக்கணக்கில் அடைபட்ட மூச்சு ஒன்று; புதிதாக ஏற்றிய சுமை மற்றொன்று. மூச்சிரைப்புக்காரர் காலாற நடந்துகொண்டிருந்தவரையில் எதுவும் தெரியவில்லை. முதுகில் ஒரு நெல் மூட்டையை வைத்ததும் விழுந்துவிட்டார். பார்ப்பவர்கள் ‘வயதாகிவிட்டது’ என்கிறார்கள். மூட்டையை இறக்கி, மூச்சையும் சரிசெய்தால் அவர் எழுந்து நடப்பார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வைத்தியத்தின் வரிசை

வைத்தியம் இருக்கிறது. அதைவிட முக்கியம், வைத்தியத்தின் வரிசை. காசு செலவில்லாததிலிருந்து தொடங்கிக் காசு செலவாகும் இடத்துக்குப் போக வேண்டும். கடைகளிலோ பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்தே பேச்சு ஆரம்பமாகிறது.

முதலில் மெத்தையிலிருந்து இறக்கி மேசை மீதோ தட்டையான பலகை மீதோ வைக்க வேண்டும். புதிய இயங்குதளம் ஏற்றியிருந்தால், சார்ஜரைச் சொருகி ஓரிரண்டு நாள் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். பிறகும் இரைச்சல் அடங்காவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த நிரல் பிராசசரைத் தின்கிறது என்பது அங்கே சதவிகிதத்தோடு தெரியும். கணினி தொடங்கும்போதே தாமும் எழுந்து உட்காரும் வேண்டாத விருந்தாளிகளை அங்கேயே அப்புறப்படுத்தலாம்.

அடுத்து, அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் டிரைவர்களை ஏற்ற வேண்டும். மின்சக்தி அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100 சதவிகிதத்திலிருந்து 99 ஆகக் குறைத்தால், பல கணினிகளில் பிராசசர் திடீர் திடீரென்று பாய்ந்து ஓடுவதை நிறுத்திக்கொள்ளும். ஒரே ஒரு சதவிகிதம்தான். ஆனால் சூட்டில் வித்தியாசம் தெரியும். கட்டுரை எழுதுகிறவருக்கு வேகத்தில் நஷ்டம் ஒன்றும் தெரியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், சாதாரணமாகப் பத்து நாட்களுக்குள் பழையதற்கே திரும்பிப் போகலாம். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. பழையதை முழுவதும் துடைத்துவிட்டு ஏற்றியிருந்தால் இந்தக் கதவு அடைபட்டுவிடும். ஆகையால் கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுக்கும் முன், “தம்பி, துடைச்சிட்டுப் போடுவீங்களா, மேலேயே போடுவீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. வேண்டிய கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை. இனித்தான் ஸ்குரூ டிரைவருக்கு வேலை. மின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடி மூடியைத் திறந்து, விசிறியின் இதழ்கள் சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை ஊத வேண்டும். காய்ந்த பசையை வழித்துவிட்டுப் புதிய பசை தடவ வேண்டும். கைதேர்ந்தவருக்கு அரை மணி நேரத்து வேலை. சில நூறு ரூபாய்க் கூலி. அதற்கு மேல் போனால் ரேமைக் கூட்டலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். சில ஆயிரத்தோடு முடியும்.

அதற்கும் சுமை தாங்காத மிகப் பழைய பெட்டிக்கு இலகுவான லினக்ஸ் இருக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ், இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. பலர் அதைத் திறந்து பார்த்ததில்லை! கட்டுரை எழுதவும், கணக்குப் போடவும், பாடம் கேட்கவும் லினக்ஸ் தாராளமாகப் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் சில மென்பொருள்கள் அதில் ஓடா என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. ஐஸ் கட்டியின் மேல் வைத்துக் குளிர்விப்பது ஆபத்து. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது; தீப்பிடிக்கும். அந்தப் பேட்டரியை உடனே தெரிந்தவர் கையால் அகற்ற வேண்டும். மதர்போர்டு எரிந்துபோன பெட்டிக்குச் செலவு செய்வதிலும் அர்த்தமில்லை. எல்லாப் பெட்டியும் பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. திறந்து பாராமல் சாவுச் சீட்டு எழுதக்கூடாது என்பதுதான் வாதம்.

அம்மி கொத்துகிறவர் எங்கே?

ஒரு காலத்தில் தெருவில், “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!” என்று குரல் கேட்கும். அம்மி வழுக்கிவிட்டது, மிளகாய் அரைபடவில்லை என்றால், அம்மியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கி வர எந்தப் பாட்டிக்கும் தோன்றியதில்லை. உளிக்காரர் வந்து கொத்திக் கொடுப்பார். அம்மி இன்னும் பல வருஷம் அரைக்கும். பித்தளைப் பாத்திரம் பசுமை கண்டால் ஈயம் பூசுகிறவர் வருவார். தெர்மல் பேஸ்ட் தடவுவதும் ஒரு விதத்தில் ஈயம் பூசுகிற காரியந்தான். பொருளின் உடம்பு நன்றாக இருக்கிறது, மேற்பூச்சுத்தான் தேய்ந்திருக்கிறது.

மேற்குப் புறநகரில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அங்கே லேத் ஓட்டும் எவரும் குளிர்விக்கும் எண்ணெய் விடாமல் இரும்பைக் கடைய மாட்டார். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எஞ்சினைச் சூடேறாமல் காப்பது டாங்கிக்கு உயிர்நாடி. ஆட்டோ ஓட்டும் தம்பிகூட, எஞ்சின் சூடேறினால் ஆட்டோவை விற்றுவிட யோசிக்க மாட்டார், மெக்கானிக்கிடம் விடுவார். சூட்டோடு வாழ்ந்து, சூட்டை வென்று சோறு தின்னும் ஊர் இது. அந்த ஊரில், கையளவு விசிறியில் அடைத்த தூசிக்காக ஒரு படிப்புச் சாதனத்தைக் குப்பையில் போடுவது நியாயமா?

குப்பை என்றால் எவ்வளவு குப்பை! 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் கணக்கிட்டன. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவிகிதந்தான்.

கணக்குக் கேட்கும் உரிமை

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். பத்து ஆண்டுகள் பாதுகாப்பு அளித்தார்கள். ஒரு நிரலை என்றென்றைக்கும் பராமரிக்க முடியாது. திருடர்கள் புதுப் புது வழி கண்டுபிடிக்கும்போது பூட்டும் மாற வேண்டியதுதான். பாதுகாப்புச் சில்லுக்கும் காரணம் இருக்கிறது. பாதுகாப்பு நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் புத்திசாலித்தனம் அன்று.

ஆனால் கணக்கை வாங்கியவரின் பக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு என்பது நிரல் பிறந்த நாளிலிருந்து. 2019இல் பிள்ளையின் கைக்கு வந்த பெட்டிக்குக் கிடைத்ததோ ஆறே ஆண்டுகள். 13ஆம் தேதி ஓடிய யந்திரம் 15ஆம் தேதியும் அதேபோல் ஓடுகிறது. பயனற்றது என்ற பெயர் மட்டும் அதற்கு வந்துவிடுகிறது.

மேனாடுகளில் இதைத் தட்டிக் கேட்டிருக்கிறார்கள். 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் போட்டி ஆணையம் ஆப்பிள் நிறுவனத்துக்கு 1 கோடி யூரோவும், சாம்சங் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பழைய கைபேசிகளில் புதிய நிரலை ஏற்றச் செய்து அவற்றை மந்தமாக்கியதும், அதை முன்கூட்டி எடுத்துச் சொல்லாததும்தான் குற்றச்சாட்டு. 2020இல் பிரான்ஸ் நாட்டில் ஆப்பிள் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் செலுத்தியது. அதே பிரான்ஸில் 2021 முதல், ஒரு மடிக்கணினி பழுதுபார்ப்பதற்கு எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விலைச் சீட்டின் பக்கத்திலேயே காட்ட வேண்டும். இந்தியாவிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. பாராட்ட வேண்டிய தொடக்கம். ஆனால் இணையதளம் தானாக வந்து யார் வீட்டு விசிறியையும் துடைத்துவிடாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஆவடியில் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, வெயில் ஏறும் முன் மாசி மாதத்தில், ஒரு வாரம் பழுது முகாம் நடத்தலாம். மாணவர்களுக்கு நூறு விதமான பெட்டிகளைத் திறந்து பார்க்கும் பயிற்சி கிடைக்கும். மக்களுக்குப் பசையின் விலையோடு காரியம் முடியும். கண் சிகிச்சைக்கு முகாம் நடத்தத் தெரிந்த நாட்டுக்குக் கணினிக்கு நடத்தத் தெரியாதா?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத்து நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அரசு கொள்முதல் செய்யும்போது விலையோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அடி மூடியைச் சாதாரண ஸ்குரூ டிரைவரால் திறக்க முடியுமா? விசிறியும் பேட்டரியும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்? இயங்குதளத்துக்கு எந்தத் தேதி வரையில் பாதுகாப்பு? லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பெட்டியின் மேல் அரசு முத்திரை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அந்தத் தேதியையும் அச்சிட்டுக் கொடுக்கட்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. திறந்து காட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். இன்று ஒரு புதுப் பெட்டி விற்றால் ஒரு தடவைதான் லாபம். வருஷந்தோறும் தூசி தட்டிக் கொடுத்தால், அந்தக் குடும்பமே உங்கள் கடையை விட்டு நகராது.

குடும்பங்களின் பங்கு மிகச் சிறியது. அதற்கு நம்மிடம் ஒரு நாளும் குறித்து வைத்திருக்கிறது: ஆயுத பூஜை. அன்று தொழிற்பேட்டையில் ஒவ்வொரு யந்திரத்தையும் நிறுத்தி, பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு, அதன் பிறகே சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். வீட்டிலும் மடிக்கணினிக்குப் பொட்டு வைக்கிறார்கள்; ஆனால் திறந்து துடைப்பதில்லை. உள்ளே கம்பளிபோல் தூசி படிந்திருக்க, மேலே குங்குமம் வைத்து என்ன பயன்?

ஆவடி வீட்டுத் தந்தை லேத்துக்கு முன்னால் முப்பது வருஷம் நின்றவர். சூடேறும் யந்திரத்தை என்ன செய்ய வேண்டும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். அது தம் வீட்டு மெத்தையில் கிடக்கும் பெட்டிக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கு மட்டும் ஆள் இல்லை. வேறொரு கடையில் திறந்து பார்க்கச் சொன்னால், ஒரு பிடி பஞ்சும் தூசியும் வெளியே வரலாம். பெண் தன் கட்டுரையை முடிக்கலாம். இரண்டு மாதச் சம்பளம் வீட்டிலேயே தங்கலாம். அதற்குப் பிறகும் பெட்டி ஓடவில்லையென்றால், அப்போது சொல்லட்டும், ஆயுள் முடிந்தது என்று!